கொலுவுக்கு வந்த பின்சீட்டு

இன்று காலை எங்கள் கட்டட வாசலில், நைட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, மண்ணில் மண்டிபோட்டுக் காருக்குள் தலையை விட்டிருந்தேன். போனவர் வந்தவரெல்லாம் என்ன தொலைந்தது என்று விசாரித்தார்கள். மராத்தியில் இருவர், இந்தியில் ஒருவர். ஒன்றும் தொலையவில்லை என்று மூவருக்கும் பதில் சொல்லிவிட்டு மறுபடியும் தலையை உள்ளே விட்டேன்.

என் பெண் கார் வாங்கியிருக்கிறாள். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது. நேற்று தன் அறைக்கு ஒரு புத்தக அலமாரியை ஏற்றி வருவதற்காகப் பின்சீட்டை மடித்தாள். இன்று காலை ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு மறு கையால் சீட்டின் முதுகை நிமிர்த்தித் தள்ளினாள், கதவைச் சாத்தினாள், ஏறும்மா என்றாள். நான் ஏறவில்லை.

"லாக் ஹோ கயா, மா. பூட்டிக்கிச்சு. சத்தம் கேட்டுச்சே."

"எத்தனை சத்தம் கேட்டுச்சு?"

"சத்தத்தை எல்லாம் யாராவது எண்ணுவாங்களா?"

எண்ணுகிறவள் ஒருத்தி இருந்தாள் என்று நான் சொல்லவில்லை. கதவைத் திறந்தேன். வெயிலில் நின்ற வண்டி, சூடேறிய ரெக்சின் வாசனை முகத்தில் அடித்தது. அவ்வளவுதான், நீ வந்துவிட்டாய். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன் படத்துக்கு மாலை போட்டபோதுகூட வராத அழுகை, ஒரு கார் சீட்டின் அடியில் கையை விட்டுத் துழாவும்போது வந்தது. என் பெண் பயந்துபோய், "சரி மா, நீயே செக் பண்ணு, அழாத," என்றாள். அவள் தாடைக்குக் கீழே அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. தலையை நிமிர்த்திச் சிரிக்கும்போது மட்டும் தெரியும்.

நாம் இருவரும் இந்த மராத்தி ஊருக்கு, நிக்டி காலனிக்கு வந்தது ஒரே வருடத்தில். நீ தரைத்தளம், நான் முதல் மாடி. உன் வீட்டுக்காரருக்குத் தாபோடியில் ராணுவக் கல்லூரியின் பட்டறையில் வேலை, என் வீட்டுக்காரருக்குப் பிம்ப்ரியில் தொழிற்சாலை, எனக்குச் சிஞ்ச்வடில் வங்கி. நான் கோயம்புத்தூர், நீ திருநெல்வேலி. முதல் ஆறு மாதம் உன்னை 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிட்டேன். நீயும் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கிரைண்டரில் மாவை வழித்துக்கொண்டே சொன்னாய்: "ஏட்டி, உனக்கும் எனக்கும் ஒரே வயசு. நீ இப்பிடி மரியாதை குடுத்தேன்னா நான் சீக்கிரம் கெழவியாயிருவேன்." அன்றிலிருந்து நீ, வா, போ. கோபம் வந்தால் மட்டும் எனக்கு 'ங்க' திரும்பி வந்துவிடும். "ஏனுங்க, நீங்க பண்றது நல்லா இருக்குதுங்களா" என்று நான் ஆரம்பித்தால் நீ சிரித்துவிடுவாய். சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

அந்த வெள்ளை வேன் உங்கள் வீட்டுக்கு வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். மாற்றலாகிப் போன ஒரு அதிகாரி விட்டுப்போன வண்டி. உன் வீட்டுக்காரருக்கு நெரிசலில் ஓட்டக் கை நடுங்கும். நீ போய் ஓட்டக் கற்றுக்கொண்டு வந்தாய். காலனியே பால்கனியில் நின்று வேடிக்கை பார்த்தது. நம் பிள்ளைகள் அப்போது ரிக்‌ஷாவில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு ரிக்‌ஷாவில் பத்துப் பிள்ளைகள், பைகள் வெளியே தொங்கும், சில நாள் பிள்ளைகளும் தொங்கும். நீ ஒரு வாரம் பார்த்தாய். "ஆட்டுக்குட்டிய அடைச்சாப்பல அடைச்சிக் கொண்டு போறான். நாளையிலருந்து நான் கொண்டு போறேன்," என்றாய். உன் பையன், என் பெண், இன்னும் நான்கு பிள்ளைகள், எல்லாம் நம் காலனித் தமிழ்க் குடும்பங்கள். நடுச்சீட்டில் மூன்று பேர், பின்சீட்டில் மூன்று பேர். ஏழாவதாக ஒரு பிள்ளையை நெருக்கி உட்கார வைக்கச் சொல்லி யார் யாரோ கேட்டுப் பார்த்தார்கள். நீ மசியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பின்சீட்டு வெளியே வந்துவிடும். காலனிக்கே சேர்த்து இட்லி அரிசி மூட்டை, உளுந்து, சமயத்தில் யாராவது வீடு மாறினால் அவர்கள் பீரோ, எல்லாம் அந்த வண்டியில்தான். சீட்டைக் கழற்றும்போது நீ வேறு ஆளாகிவிடுவாய். முதலில் ஹேண்ட் பிரேக். பிறகு பிள்ளைகளைப் படிக்கட்டுப் பக்கம் விரட்டுவாய். அடியில் துழாவித் தண்ணீர் பாட்டில், ஒற்றைச் செருப்பு, டிபன் டப்பா மூடி எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைப்பாய். சீட்டின் பின்கால்கள் இரண்டிலும் காலுக்கொரு கொக்கி. அதை விடுவித்துப் பின்பக்கத்தைத் தூக்கிய பிறகுதான் முன்கால்கள் தரைக்குழியிலிருந்து கழலும். மறுபக்கம் பிடிக்க நான் வருவேன், எனக்குத் திட்டு விழும்.

"மெத்தையப் பிடிக்காத, இரும்பப் பிடி. முதுக வளைக்காத, முட்டிய மடக்கு. விரல எடுட்டி அங்கேருந்து. விரலுக்கு எந்தக் கடையிலயும் ஸ்பேர் பார்ட் கெடைக்காது."

திரும்ப மாட்டுவது இன்னும் பெரிய வேலை. அதற்கென்றே ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ் வைத்திருந்தாய். தரைக்குழியில் கிடக்கும் கடலைத்தோல், பென்சில் சீவல், புளியங்கொட்டை எல்லாவற்றையும் கிளறி எடுத்த பிறகுதான் முன்கால்களை இறக்குவாய். அப்புறம் பின்பக்கத்தை அமுக்குவாய். இடது பக்கம் ஒரு 'டக்', வலது பக்கம் ஒரு 'டக்'. "ரெண்டு கேக்கணும். ஒண்ணரையெல்லாம் கெடையாது," என்பாய். அதோடு விடமாட்டாய். முன்னால் இழுத்துப் பார்த்து, பின்னால் தூக்கிப் பார்த்து, கடைசியில் நீயே ஏறி உட்கார்ந்து இரண்டு குதி குதிப்பாய். "சீட்டுக்கு ஜாதகம் ஒண்ணுதான் பாக்கல," என்று நான் சீண்டுவேன். நீ காதில் போட்டுக்கொள்ள மாட்டாய்.

என் பெண் இரண்டாம் வகுப்புப் படித்த அந்த வருடம்தான் நான் முதல் முறையாகக் கொலு வைத்தேன். மாமியார் ஊரிலிருந்து பொம்மைகளைப் பெட்டி பெட்டியாக அனுப்பிவிட்டார், படியை அனுப்பவில்லை. டிரங்குப் பெட்டியை ஒரு படியாக வைத்தேன், மேலே ஒரு ஸ்டூலையும் பலகையையும் இன்னொரு படியாக வைத்தேன். அடிப்படிக்கு நீளமாக, கனம் தாங்குகிற மாதிரி ஒன்றும் கிடைக்கவில்லை. நீ வந்து இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாய். ஒன்றும் சொல்லாமல் கீழே போனாய். பத்து நிமிடத்தில் நீயும் என் வீட்டுக்காரரும் மூச்சிரைக்க வேனின் பின்சீட்டைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தீர்கள். சீட்டின் முதுகை மடக்கிக் கவிழ்த்தால் பலகை மாதிரி தட்டையாகிவிட்டது. அதன்மேல் வெள்ளை வேட்டியை இழுத்து விரித்து, அடியில் ஊக்குகள் குத்தி இறுக்கினோம். செட்டியாரும் மரப்பாச்சியும் ஜம்மென்று அதன்மேல் ஏறிக்கொண்டார்கள். வெற்றிலை பாக்கு வாங்க வந்தவர்களெல்லாம், "அடிப்படி நல்லா அகலமா இருக்கே, எங்க செஞ்சீங்க?" என்று கேட்டார்கள். நாம் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டோம்.

ஆனால் பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது. பின்சீட்டு கொலுவில், மூன்று பிள்ளைகளுக்கு இடமில்லை. எதிர்க் கட்டடத்து நிர்மலாவின் இரண்டு பிள்ளைகளும் உன் வண்டியில்தான் வந்தார்கள். அவள் சுலபமாக ஒரு வழி சொன்னாள். "பின்னாடி ஒரு பாயைப் போட்டு உக்கார வெச்சிக் கூட்டிட்டுப் போங்க. பத்து நிமிஷம்தானே." பிள்ளைகளுக்கும் அதில் கொள்ளை ஆசை. நீ ஒரே வரியில் முடித்தாய். "சீட்டு இல்லாத எடத்துல சாமான வைக்கலாம், அதையும் கயிறு போட்டுக் கட்டித்தான் வைப்பேன். பிள்ளைய வைக்க மாட்டேன்."

எனக்காக அத்தனை நாளும் காலையில் இரண்டு நடை, மதியம் இரண்டு நடை ஓட்டினாய். மூன்று பேரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து அடுத்த மூன்று பேரை ஏற்றுவாய். அந்த வருடம் விஜயதசமி வியாழக்கிழமை வந்தது. அன்று ஒரு பொம்மையைப் படுக்க வைத்தேன். மறுநாள் எடுத்துவிடலாம் என்றால் வெள்ளிக்கிழமை, கொலு எடுக்கக் கூடாது என்று மாமியார் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இன்னும் ஒரு நாள் நீ இரண்டு நடை ஓட்டினாய். "உங்க ஊருப் பொம்மைகளுக்கு எங்க சீட்டு ரொம்பப் பிடிச்சிப் போச்சு போல," என்றாய், அவ்வளவுதான். எனக்குத்தான் உறுத்திக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை பொம்மைகளைக் கட்டி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீயும் உன் வீட்டுக்காரரும் தாபோடியில் ஒரு நண்பர் வீட்டுக்குப் பஸ்ஸில் போயிருந்தீர்கள். உன் வண்டியின் மறுசாவி எப்போதும் என் வீட்டு ஆணியில்தான் தொங்கும். இவ்வளவு செய்தவளுக்கு நாம் இதையாவது செய்வோம், அவள் வந்து பார்க்கும்போது சீட்டு இடத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன். வேட்டியை அவசரமாக உருவினேன். ஒரு ஓரம் ஊக்கில் மாட்டிக் கிழிந்து அடியிலேயே தங்கிவிட்டது, நான் கவனிக்கவில்லை. என் வீட்டுக்காரர் வலது பக்கம், நான் இடது பக்கம். முன்கால்கள் உட்கார்ந்தன. அமுக்கினோம். அவர் பக்கம் 'டக்' என்றது. என் பக்கம் காலால் மிதித்தேன், சீட்டு சமமாக உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. மேலே என் வீட்டுக் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது, பருப்பு குழைந்துவிடும்.

"ஆச்சா?" என்றார் இவர்.

"ஆச்சு," என்றேன்.

நீங்கள் வந்ததும் ஓடிவந்து சொன்னேன். "ரெண்டும் விழுந்துச்சா?" என்று கேட்டாய். "விழுந்துது," என்றேன். பொய் சொல்கிறோம் என்று நினைத்துச் சொல்லவில்லை. விழுந்திருக்கும் என்று நினைத்ததை விழுந்தது என்று சொல்லிவிட்டேன். உன் வாயால் ஒரு நல்ல வார்த்தை வாங்கவேண்டும் என்ற ஆசையும் இருந்தது, அதையும் மறைப்பானேன். வார்த்தை கிடைத்தது. "பரவாயில்லியே, கோயம்புத்தூர்க்காரி தேறிட்டா," என்று என் தோளைத் தட்டிவிட்டு நீ நேரே வீட்டுக்குள் போனாய். வண்டிப் பக்கம் போகவில்லை. நான் அறிந்து நீ பார்க்காமல் விட்ட ஒரே நாள் அது.

மறுநாள் காலை நாற்சந்தி சௌக்குக்குச் சற்று முன்னால் ஒரு டெம்போ ஓரத்திலிருந்து திடீரென்று குறுக்கே வந்தது. நீ பிரேக் போட்டாய். வண்டி வேகமாகக்கூடப் போகவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பின்சீட்டின் இடது பக்கம் தூக்கிக்கொண்டு, சீட்டு முறுக்கி முன்னால் கவிழ்ந்தது. இரண்டு பிள்ளைகள் பைகளின்மேல் விழுந்து தப்பித்தார்கள். என் பெண்ணின் தாடை நடுச்சீட்டின் இரும்பில் மோதியது.

வங்கிக்குப் போன் வந்து நான் மருத்துவமனைக்கு ஓடிவந்தபோது உன் புடவைத் தோளெல்லாம் ரத்தம். தையல் போடும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பள்ளியில் சொல்லித் தந்த மராத்தி எண்களை அவளோடு சேர்ந்து எண்ணிக்கொண்டிருந்தாய். ஏக், தோன், தீன். மூன்றோடு முடிந்தது. மூன்று தையல்தான்.

அன்று மாலை நிர்மலா தன் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டாள். அடுத்த நாள் இன்னொரு வீடு, அதற்கடுத்த நாள் கடைசி வீடும். சீட்டைக்கூட ஒழுங்காக மாட்டத் தெரியாதவளுக்கு வண்டி எதற்கு என்று கீழே கேட் அருகே பேசினார்கள். பெண்பிள்ளை ஓட்டினால் இப்படித்தான் என்று ஆண்கள் பேசினார்கள். யாரைப் பார்த்து என்ன சொல்கிறார்கள். குழந்தைகளைப் பாயில் உட்கார வைக்கமாட்டேன் என்று இரண்டு நடை ஓட்டியவளைப் பார்த்துக் கவனமில்லாதவள் என்றார்கள். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். வாயைத் திறக்கவில்லை.

சொல்லத்தான் நினைத்தேன். நாளைக்குச் சொல்லலாம், தையல் பிரிக்கட்டும், தீபாவளி போகட்டும். "நானும்தான் பிடிச்சேன், ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லிடலாம்," என்று இவர் சொன்னபோது எரிந்து விழுந்தேன். பெற்ற பெண்ணின் தாடையைக் கிழித்தவள் நான்தான் என்று ஊருக்குச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. நீயோ ஏழு பத்துக்கு வழக்கம்போல ஒரு தடவை ஹாரன் அடிப்பாய். "காடி ஆலி, வண்டி வந்தாச்சு" என்று என் பெண் தாடையில் பிளாஸ்திரியோடு குதித்து ஓடுவாள். ஆறு பேர் போன வண்டியில் இரண்டு பிள்ளைகள். நீ அவளிடம் வலிக்கிறதா என்று கேட்பாய், என்னிடம் ஒன்றும் கேட்கமாட்டாய். பதினோரு நாள் அப்படிப் போனது.

தீபாவளிக்கு நம் பெண்கள் எல்லோரும் ஒரு வீட்டில் கூடி முறுக்குச் சுடுவோமே, அந்த வருடம் நிர்மலா வீடு. நீ வரமாட்டாய் என்று எல்லோரும் நினைத்தார்கள். நீ உன் முறுக்கு அச்சைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, மாவுத் தாம்பாளத்தின் முன்னால் உட்கார்ந்து பிசைய ஆரம்பித்துவிட்டாய். நிர்மலாவால் எவ்வளவு நேரம் சும்மா இருக்க முடியும்.

"மூணு தையலோட போச்சு. அதுவே கண்ணா இருந்திருந்தா? ஒரு கொக்கிய மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்? நம்பித்தானே பிள்ளைங்கள அனுப்பறோம்."

நீ நிமிரவில்லை. மாவில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளித்தாய். உன் கை மட்டும் ஒரு கணம் நின்று, பிறகு பிசைந்தது. அதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை.

"சீட்டை மாட்டினது அவ இல்லை, நான்," என்றேன். "ரெண்டு பக்கமும் விழுந்துதான்னு கேட்டா. விழுந்துதுன்னு நான்தான் சொன்னேன். விழலை. எனக்கு அந்தச் சத்தம் கேக்கவே இல்லை."

அடுப்பில் எண்ணெய் காய்ந்து புகைய ஆரம்பித்தது. நிர்மலா கரண்டியோடு என்னையே பார்த்தாள். நீ மாவை உருட்டி அவளிடம் நீட்டினாய். "எண்ணெய் காயுது. முறுக்கப் போடுங்க," என்றாய்.

வீட்டுக்கு நடந்து வரும்போது நீ பர்ஸிலிருந்து ஒரு துணிக் கிழிசலை எடுத்து என் கையில் வைத்தாய். வேட்டியின் ஓரம், ஊக்கு குத்திய ஓட்டையோடு. விபத்து நடந்த அன்றே இடது கொக்கியில் சுற்றியிருந்ததை எடுத்திருக்கிறாய். பதினோரு நாளும் உனக்குத் தெரியும்.

"ஏன் நீ யார்கிட்டயும் சொல்லலை?"

"சொல்லி? வண்டி ஓட்டுனவ நான்லா. ஏறுததுக்கு முந்தி குனிஞ்சு பாக்க வேண்டியவளும் நான்தான். உன் பேச்ச நம்பிட்டேன். நம்புனது என் தப்பு."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அரிசியில் கல் இருந்தது என்று சொல்கிற மாதிரி சொன்னாய். காலனி என்ன பேசியது என்பதெல்லாம் அதற்கப்புறம் எனக்கு ஒன்றுமே இல்லை. நீ என் பேச்சை இனி நம்பமாட்டாய் என்பதுதான் மாடி ஏறும்போதும் கூடவே வந்தது.

தீபாவளி விடுமுறை முடிந்ததும் நிர்மலா தானே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உன் வண்டிக்கு வந்தாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, ஒரு டப்பா ரவா லாடு கொடுத்தாள். வண்டி மறுபடி நிறைந்தது. உன் பெயர் உனக்குத் திரும்பிவிட்டது.

என் பெயர் திரும்பவில்லை. அதன் பிறகு நான் சீட்டில் கை வைத்த ஒவ்வொரு தடவையும், நான் பூட்டிவிட்டு நகர்ந்ததும் நீ குனிவாய். ஒரு வார்த்தை பேசமாட்டாய். இடது கொக்கி, வலது கொக்கி, இழுத்துப் பார்த்து நிமிர்வாய். உன் வீட்டுக்காரர் பூட்டினால் கேட்டுக்கொள்வாய், பையன் வளர்ந்து அவன் பூட்டினால் கேட்டுக்கொள்வாய், நான் பூட்டினால் குனிவாய். அதற்காக நீ என்மேல் பாசம் குறைந்தவள் என்று யாராவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன். எனக்குப் பித்தப்பை அறுவை நடந்தபோது பத்து நாள் என் வீட்டு அடுப்பைப் பார்த்தவள் நீ. என் அப்பா தவறிப்போன செய்தி வந்த அன்று எனக்கு முன்னால் அழுதவளும் நீ. உன் வீட்டுச் சாவி என்னிடம் இருந்தது, என் பெண் பாதி நாள் உன்னிடம் இருந்தாள். எல்லாம் இருந்தது. அந்த ஒன்று மட்டும் இல்லை.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டேன். நீ குனிந்து நிமிர்ந்ததும், "ஏனுங்க, இன்னும் எத்தனை வருசத்துக்குங்க?" என்றேன். எப்போதும் சிரிப்பாயே, அன்று சிரிக்கவில்லை. "தெரியலட்டி," என்றாய். "நான் வேணும்னு செய்யல. கை தானா போவுது." நீ பொய் சொல்லாதவள், அதனால்தானே உன்னை இவ்வளவு பிடித்தது.

பையனுக்கு வேலை கிடைத்து, உன் வீட்டுக்காரர் ஓய்வு பெற்று, நீங்கள் கோந்த்வாவில் வீடு வாங்கிப் போனீர்கள். ஊரின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் இரண்டு பஸ் மாறி மாதம் ஒருமுறை வருவேன். வெள்ளை வேன் போய்விட்டது. பையன் வாங்கிய பெரிய வண்டியில் நடுச்சீட்டின் முதுகு ஒரு பிடியைத் தூக்கினால் தானாக மடங்கும். "கழத்த வேண்டாம், தூக்க வேண்டாம், உன் முதுகு பொழைச்சுது," என்று எனக்குக் காட்டினாய். பிழைக்காமல் போனது உன் முதுகு. முதலில் வலி என்றார்கள், பிறகு எலும்பு என்றார்கள், பிறகு எங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள்.

மருத்துவமனைக்குப் போகும்போது உன்னால் உட்கார முடியவில்லை. சீட்டை மடித்து மெத்தை போட்டுப் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். பன்னிரண்டு நாள் கழித்து அனுப்பினார்கள், குணமாகிவிட்டது என்று அனுப்பவில்லை, அது உனக்கும் தெரியும். சாய்ந்து உட்காரலாம் என்றார்கள். உன் பையன் பில் கட்டுமிடத்தில் நின்றான். நான் வண்டியைத் திறந்து மெத்தையை எடுத்து, சீட்டின் முதுகை நிமிர்த்தினேன். இடுக்கில் துணி மாட்டவில்லையே என்று விரலால் தடவினேன். பெல்ட்டை வெளியே எடுத்துப் போட்டேன். இரண்டு சத்தமும் கேட்டேன். இழுத்தேன், தள்ளினேன், மறுபடி இழுத்தேன். சக்கர நாற்காலியிலிருந்து நீ பார்த்துக்கொண்டிருந்தாய். முடித்ததும் பழக்கதோஷத்தில் நான் நகர்ந்து நின்றேன், நீ குனிவதற்கு இடம் விட்டு. உன்னால் இனிக் குனிய முடியாது என்பது நகர்ந்த பிறகுதான் உறைத்தது.

உன் பையனும் அதே நேரம் வந்தான். நான் நிற்பதைப் பார்த்தான், உன்னைப் பார்த்தான். சின்ன வயதிலிருந்து பார்த்தவன், அவனுக்கா தெரியாது.

"இருங்கம்மா, உங்களுக்காக நான் ஒருவாட்டி பாத்துடறேன்."

"வேண்டாம்டா," என்றாய். "அவ போட்டிருக்கா. என்னைத் தூக்கி உக்கார வை."

அவன் தூக்கி உட்காரவைத்தான். தலையணையில் சாய்வதற்கே பயந்து பயந்து சாய்கிறவள், அன்று அந்தச் சீட்டில் மெதுவாகச் சாயவில்லை. உன் உடம்பில் மிச்சமிருந்த கனத்தையெல்லாம் ஒரேயடியாக அதன்மேல் போட்டாய். நான் உன் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். வண்டி கிளம்பிய கொஞ்ச நேரத்தில் நீ கண்ணை மூடிவிட்டாய். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. உன் சீட்டின் முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்துத் தாங்கிப் பிடித்துக்கொண்டே வந்தேன். ஒரு வேகத்தடையில் வண்டி குலுங்கியது. நீ கண்ணைத் திறக்காமலே சொன்னாய்.

"போதும்ட்டி. நீயும் நம்பு."

கையை எடுத்தேன். கோந்த்வா வரும்வரை நீ தூங்கினாய். அதற்கப்புறம் நீ எந்த வண்டியிலும் உட்காரவில்லை. என்னை மன்னித்ததாக நீ ஒருநாளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. நான் பூட்டிய சீட்டில் உன் நோகிற முதுகைச் சாய்த்துத் தூங்கினாய். எனக்கு அது போதும், அதை வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.